விண்ணப்பப் பொத்தானைவிட சீனியர் பட்டியல் பெரிது: சேலத்து மாணவர்களுக்கு லிங்க்ட்இன்

கடைசி வருஷம் தொடங்கியதும் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும்: "எல்லாரும் இன்னைக்கு ராத்திரிக்குள்ள லிங்க்ட்இன் ஓப்பன் பண்ணி லிங்க் அனுப்பிடுங்க." கல்லூரி இருப்பது கருப்பூரானாலும் சரி, சங்ககிரி ரோடானாலும் சரி, ஆத்தூர்ப் பக்கமானாலும் சரி, வேலை, தொழில் தொடர்புகளுக்கான அந்தத் தளத்தில் அன்று இரவே ஒரு வகுப்பு முழுக்கக் கணக்குத் தொடங்கிவிடும். கல்லூரிப் பெயர், ஒரு செல்ஃபி, வேலை தேடுவதாகச் சொல்லும் பச்சை வளையம். அடுத்த வாரம் கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் ஒரே ரெஸ்யூமே போகும். இரண்டு மாதம் எந்தப் பதிலும் வராது. "அதெல்லாம் சென்னை, கோயம்புத்தூர்ப் பசங்களுக்குத்தான்" என்று சொல்லி ஆப்பை அழித்துவிடுவார்கள்.

தளத்தில் மிகக் கூட்டமான வாசல் எதுவோ அதில் போய் நின்றதுதான் இங்கே நடந்த பிழை. ஒரு தட்டலில் விண்ணப்பிக்கும் வசதி நமக்கு எவ்வளவு சுலபமோ, நாடு முழுக்க உள்ள மற்ற மாணவர்களுக்கும் அவ்வளவு சுலபம். அதே தளத்தில் கூட்டமே இல்லாத வாசல் ஒன்று உண்டு. உங்கள் கல்லூரியில், உங்கள் துறையில் படித்து முடித்து இன்று வேலையில் இருப்பவர்களின் பட்டியல் அது. பெரும்பாலான மாணவர்கள் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

லிங்க்ட்இன் 2003 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. 2016-ல் மைக்ரோசாப்ட் அதை வாங்கியது. வேலை விளம்பரங்கள் பிறகு பெருகினாலும், யாருக்கு யாரைத் தெரியும் என்ற கணக்குதான் இன்றும் அதன் அடித்தளம். நீங்கள் நேரடியாக இணைந்தவர்கள் முதல் வட்டம். அவர்களோடு இணைந்தவர்கள் இரண்டாம் வட்டம். அதற்கு அடுத்தது மூன்றாம் வட்டம். சேலத்தின் மொத்த வணிகப் பகுதியான செவ்வாய்ப்பேட்டையில் புதிதாக ஒருவர் கடனுக்குச் சரக்கு கேட்டால் "யார் சொல்லி வந்தீங்க?" என்றுதான் முதல் கேள்வி வரும். லிங்க்ட்இன்னில் ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறக்கும்போது, உங்கள் இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர்கள் யார் என்று தளமே காட்டுகிறது. கேள்வி அதேதான். அதற்குப் பதில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

பக்கத்தை நிரப்பும்போது சேலத்துக்காரர் சறுக்கும் இடங்கள்

முதலில் பெயர். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். நம்மிடம் இருப்பது பெயரும் இனிஷியலும்தான். கடைசிப் பெட்டியில் இனிஷியல் ஒற்றை எழுத்தைப் போட்டால் தளம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் "கார்த்திக் எஸ்" என்று தேடினால் எத்தனை பேர் வருவார்கள் என்று நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள். அப்பா அல்லது அம்மா பெயரை முழுதாகப் போட்டால் உங்களைக் கண்டுபிடிப்பது எளிது. எதைப் போட்டாலும் ரெஸ்யூமேயிலும் அதே வடிவம் இருக்க வேண்டும்; மதிப்பெண் பட்டியலோடும் பாஸ்போர்ட்டோடும் ஒப்பிட்டால் ஒரே ஆள் என்று தெரிய வேண்டும். வேலை கிடைத்த பிறகு நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில், பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால் வீண் அலைச்சல். பெயரோடு இமோஜி சேர்ப்பது தளத்தின் விதிக்கு எதிரானது.

அடுத்து ஊர். சேலம் என்று ஆங்கிலத்தில் தட்டியதும் கீழே விரியும் பட்டியலில் அமெரிக்கச் சேலங்களும் வரும். ஒரிகன் மாநிலத்தின் தலைநகர் ஒரு சேலம், மாசசூசெட்ஸில் இன்னொரு சேலம். அவசரத்தில் முதலில் வந்ததைத் தொட்டுவிட்டால், ஊர் வைத்து ஆள் தேடும் எந்த இந்திய நிறுவனத்தின் கண்ணிலும் நீங்கள் படமாட்டீர்கள். தமிழ்நாடு, இந்தியா என்று சேர்ந்து வருவதைத் தேர்ந்தெடுங்கள். பெங்களூரு, ஓசூர், கோவை போகத் தயார் என்றால் அதற்காக ஊரை மாற்ற வேண்டாம். வேலை தேடுவதாக அறிவிக்கும் பகுதியில் விரும்பும் ஊர்களைத் தனியாகச் சேர்க்கலாம்.

மூன்றாவது கல்லூரி. இதில் நடக்கும் பிழைதான் அதிக இழப்பைத் தருகிறது. பட்டம் தருவது பல்கலைக்கழகம் என்பதால் பலர் பெரியார் பல்கலைக்கழகம் என்றோ அண்ணா பல்கலைக்கழகம் என்றோ போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் உங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவர் பட்டியலில் உங்கள் பெயர் சேராது. லட்சக்கணக்கானோர் உள்ள கடலில் கரைந்துவிடும். கல்லூரியின் பெயரைத் தட்டி, முத்திரையோடு வரும் அதிகாரபூர்வப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். முத்திரை இல்லாமல் வெறும் எழுத்தாக விட்டால் அதுவும் பட்டியலில் இணையாது. பல்கலைக்கழகத்தின் பெயரை விவரப் பகுதியில் எழுதிக்கொள்ளலாம்.

மின்னஞ்சல் விஷயம் சின்னது. கல்லூரி தரும் முகவரியை மட்டும் வைத்துக் கணக்குத் தொடங்கினால், படிப்பு முடிந்து அந்த முகவரி மூடப்படும்போது கடவுச்சொல்லை மீட்கவும் வழியிருக்காது. சொந்த ஜிமெயிலை முதன்மையாக வைத்து, கல்லூரி முகவரியை இரண்டாவதாகச் சேர்க்கவும்.

பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. நீங்கள் தொடாமல் விட்டால் தளமே "மாணவர், இன்ன கல்லூரி" என்று போட்டுவிடும். தேடல் முடிவுகளிலும், நீங்கள் எழுதும் ஒவ்வொரு கருத்துக்குப் பக்கத்திலும் தெரிவது இந்த வரிதான். "மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல், சாலிட்வொர்க்ஸ், ஜிக் மற்றும் ஃபிக்ஸ்சர் வடிவமைப்பு" என்று ஆங்கிலத்தில் எழுதினால், அந்தச் சொற்களைப் போட்டுத் தேடுபவரிடம் நீங்கள் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. "கனவு காண்பவன், கடின உழைப்பாளி" என்ற சொற்களைப் போட்டு யாரும் ஆள் தேடுவதில்லை. தன்னைப் பற்றி எழுதும் பகுதிக்கு 2,600 எழுத்துகள் வரை இடம் இருந்தாலும், திறக்காமலே தெரிவது முதல் சில வரிகள்தான். என்ன செய்யத் தெரியும், எதைச் செய்து பார்த்திருக்கிறீர்கள் என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள்.

உள்ளூர் வேலைதான் உங்கள் பலம்

சான்றிதழ்களை அடுக்குவதில் நம் மாணவர்களுக்கு ஆர்வம் அதிகம். 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் சான்றிதழ் வகுப்பில் எல்லோரிடமும் இருக்கும். அதனால் அதை மட்டும் வைத்து உங்களைத் தனியாக அடையாளம் காண முடியாது. ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். படிப்பின் சான்றிதழுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு உண்டு. மேற்பார்வையோடு நேரில் எழுதும் தேர்வுக்கு 75 சதவீதம், வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25 சதவீதம் என்று மதிப்பெண் கணக்கிடுகிறார்கள். அதையும் சேருங்கள். ஆனால் ஒரு சான்றிதழுக்கு ஒரு வேலையாவது காட்ட முடிகிறதா என்று பாருங்கள்: பைத்தான் சான்றிதழ் என்றால் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒரு நிரல், ஆட்டோகேட் என்றால் நீங்களே வரைந்த ஒரு வரைபடம்.

இங்கேதான் சேலத்தில் படிப்பவருக்கு மற்றவருக்கு இல்லாத வசதி இருக்கிறது. இரும்பாலை, மேட்டூர் அனல்மின் நிலையம், மேக்னசைட் சுரங்கம், சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், இளம்பிள்ளை தறிகள், ஏற்காட்டுக் காபித் தோட்டங்கள் எல்லாமே பஸ்ஸில் போய் வரும் தூரம். ப்ராஜெக்டுக்குக் காசு கொடுத்து ரெடிமேடாக வாங்குவதை விட்டு, இவற்றில் ஒன்றில் கால் வைத்தவருக்கு எழுதவும் பேசவும் விஷயம் இருக்கும்.

ஆனால் எழுதும் விதம் முக்கியம். "சேகோ ஆலைக் கழிவுநீர் பற்றிய ப்ராஜெக்ட்" என்ற வரி யாருக்கும் எதையும் சொல்லாது. குச்சிக்கிழங்கு அரைக்கும் பருவத்தில் எத்தனை நாள் மாதிரி எடுத்தீர்கள், பி.எச். (அமில, காரத் தன்மை), பி.ஓ.டி., சி.ஓ.டி. (மாசின் அளவைக் காட்டும் ஆக்சிஜன் தேவை அளவுகள்) மூன்றில் எதை நீங்களே அளந்தீர்கள், எதை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினீர்கள், சாண எரிவாயுக் கலம் மாதிரி சிறிதாக அமைத்துப் பார்த்தபோது எந்த நாளில் வாயு நின்றது, ஏன் நின்றது: இவையெல்லாம் ஐந்தாறு வரியில் இருந்தால், நீர் சுத்திகரிப்புத் துறையில் உள்ள ஒரு பொறியாளர் நின்று படிப்பார். தோற்ற இடத்தை எழுதத் தயங்க வேண்டாம். நேர்காணலில் கேள்வி கேட்க அவருக்குக் கிடைக்கும் நல்ல பிடி அதுதான்.

பி.காம். மாணவருக்கும் இதே கணக்கு. கொலுசுப் பட்டறையில் ஒரு மாதம் கணக்கு எழுத உதவியிருந்தால், டேலி தெரியும் என்பதோடு நிற்காதீர்கள். கட்டி வெள்ளி கொடுத்து, கொலுசாகத் திரும்ப வாங்கும்போது எடை, டச் (வெள்ளியின் தூய்மை), சேதாரம், கூலி என்று நான்கு விஷயம் ஒத்துப்போக வேண்டும். சரக்குக்கு ஒரு ஜி.எஸ்.டி. விகிதம், கூலிக்கு வேறொரு விகிதம். இதைப் பதிவேட்டில் எப்படிப் பிரித்தீர்கள் என்று எழுதினால், ஆடிட்டர் அலுவலகத்தில் ஆள் எடுப்பவர் உடனே புரிந்துகொள்வார். முதலாளியிடம் அனுமதி கேட்டுவிட்டு எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயரோ சரக்கின் எடையோ வெளியே வரக் கூடாது.

தாவரவியல் மாணவருக்கு ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டமும், வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. அங்கே பார்த்ததைப் பற்றிப் படங்களோடு ஒரு பதிவு போட்டாலே அந்தத் துறை ஆய்வாளர்கள் சிலராவது பார்ப்பார்கள். கூட்டத்தோடு நின்று எடுத்த டூர் படம் இதற்குப் பயன்படாது. செடியின் பெயரும் அது வளரும் சூழலும் வேண்டும்.

சீனியர்களைத் தேடும் முறை

கல்லூரிப் பக்கத்தைத் திறந்தால் முன்னாள் மாணவர் என்ற பிரிவு இருக்கும். போனைவிடக் கணினியில் திறப்பது நல்லது. வடிகட்டிகள் அனைத்தையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை படித்தவர்கள், இப்போது எங்கே வசிக்கிறார்கள், எந்த நிறுவனத்தில் இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள், என்ன படித்தார்கள், என்னென்ன திறன் வைத்திருக்கிறார்கள் என்று பட்டைகளாகப் பிரித்துக் காட்டும். ஒரு பட்டையைத் தொட்டால் மற்றவை அதற்கேற்ப மாறும்.

முதலில் யாருக்கும் எதுவும் அனுப்ப வேண்டாம். ஒரு மணி நேரம் சும்மா பார்த்தாலே போதும். உங்கள் துறையில் முடித்தவர்களில் எத்தனை பேர் அதே துறையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் ஐ.டி. பக்கம் போனார்கள், ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போனவர்கள் முதல் வேலையை எங்கே தொடங்கினார்கள் என்பது கண்ணுக்கு எதிரே வந்துவிடும். பிறகு, நீங்கள் விரும்பும் வேலையில் இருக்கும் பத்துப் பேரின் பக்கத்தைத் திறந்து, அவர்களின் திறன் பட்டியலில் திரும்பத் திரும்ப வருவது எது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆறு மாதம் எதைப் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு, யூடியூப் அறிவுரைகளைவிட இந்தக் குறிப்பு நம்பகமானது.

பழைய தலைமுறையைத் தேடும்போது ஒரு விஷயம். பெரியார் பல்கலைக்கழகம் 1997-ல்தான் தொடங்கியது. அதற்கு முன் சேலத்துக் கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. அந்தக் காலத்தில் படித்தவர்கள் பலர் அந்தப் பெயரை மட்டும் போட்டிருக்கலாம். கல்லூரிப் பெயரைச் சாதாரணத் தேடல் பெட்டியில் தட்டியும் ஒருமுறை பாருங்கள்.

ஆனாலும் முதலில் எழுத வேண்டியது பெரிய பதவியில் இருப்பவருக்கு அல்ல. உங்களுக்கு இரண்டு முதல் ஐந்து வருஷம் முன்னால் முடித்தவருக்கு. அதே லேப், அதே பேராசிரியர், அதே ஹாஸ்டல் சாப்பாடு அவருக்கு இன்னும் நினைவில் இருக்கும். புதியவரை எப்படி எடுக்கிறார்கள் என்பதும் அவருக்குத்தான் அண்மையில் தெரிந்தது.

இலவசக் கணக்கில் இணைப்புக் கோரிக்கையோடு குறிப்பு எழுதும் வசதி மாதத்துக்கு மிகச் சில முறைதான் கிடைக்கும். குறிப்பும் 200 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அதனால் வகுப்புத் தோழர்களுக்கு வெறும் கோரிக்கையை அனுப்பி, குறிப்புகளைச் சீனியர்களுக்காகச் சேமித்து வையுங்கள். தமிழ் எழுத்தில் அடித்தால் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனி எழுத்தாக எண்ணப்பட்டு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆங்கில எழுத்தில் தமிழையே அடித்தாலும் தவறில்லை. இப்படி இருக்கலாம்:

"வணக்கம் அண்ணா. நம்ம காலேஜ் இ.சி.இ. தேர்ட் இயர். எம்பெடட்ல போக ஆசை. நீங்க செஞ்சதுல எந்த ப்ராஜெக்ட் இன்டர்வியூல கை கொடுத்துச்சு? ரெண்டு வரி போதும்."

யார் என்று தெரிகிறது, கேள்வி ஒன்றுதான், பதில் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகும். ஐந்து வருஷ வித்தியாசத்துக்குள் அண்ணா, அக்கா இயல்பாக இருக்கும். அதற்கு மேல் சார், மேடம். "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கினால் விடுப்புக் கடிதம் போலிருக்கும். "எனிதிங் ஃபார் ஃப்ரெஷர்ஸ்?" என்று மட்டும் எழுதினால் பதில் வராது, அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்கே தெரியாது.

பதில் வந்தால் அவர் சொன்னதைச் செய்து பாருங்கள். மூன்று, நான்கு வாரம் கழித்து "நீங்க சொன்ன மாதிரி செஞ்சேன், இந்த இடத்துல நின்னுடுச்சு" என்று எழுதுங்கள். உறவு உண்டாவது இந்த இரண்டாவது செய்தியில்தான். பெரும்பாலானோர் "தேங்க்ஸ் அண்ணா"வோடு நிறுத்திவிடுகிறார்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அனுப்பிய கோரிக்கையை அவசரப்பட்டுத் திரும்பப் பெற்றால், அதே ஆளுக்கு மறுபடி அனுப்ப மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டும். ஒரே நாளில் கண்டவர்களுக்கெல்லாம் அனுப்பித் தள்ளினால், பலர் ஏற்காமல் விட, தளம் உங்கள் கணக்குக்கே கட்டுப்பாடு போடும்.

ரெஃபரல் (சீனியர் தன் நிறுவனத்தில் உங்களைப் பரிந்துரைப்பது) கேட்பது தவறில்லை. அதைக் கடைசிப் படியாக வையுங்கள். நிறுவனத்துக்குள் உங்களுக்காக விண்ணப்பிக்கும்போது அவருடைய பெயரும் பதிவாகிறது. அந்த வேலையின் அடையாள எண், பி.டி.எஃப். ரெஸ்யூமே, அந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருந்துவீர்கள் என்று மூன்று வரி: இவ்வளவையும் ஒரே செய்தியில் அனுப்பினால் அவர் தன் மதிய உணவு இடைவேளையிலேயே செய்து முடிப்பார். அரியர் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். நிற்கும் அரியர் கூடாது என்ற விதி உள்ள நிறுவனத்தில் அது பிறகு தெரிந்தால், அடுத்த ஜூனியருக்காக அவர் வாய் திறக்கமாட்டார்.

எது அங்கே கிடைக்காது

டி.என்.பி.எஸ்.சி., ரயில்வே, இரும்பாலை போன்ற பொதுத்துறை வேலைகளுக்கு அறிவிக்கையும் தேர்வும்தான் வழி. லிங்க்ட்இன்னில் யாரைத் தெரிந்தும் பயனில்லை. உள்ளூர் கொலுசுப் பட்டறை, தறிக்கூடம், சேகோ ஆலை முதலாளிகள் பெரும்பாலும் தெரிந்தவர் சொல்லித்தான் ஆள் எடுக்கிறார்கள். ஆனால் அந்த ஆலைகளுக்கு இயந்திரம் விற்கும் நிறுவனங்கள், ஸ்டார்ச் வாங்கும் கம்பெனிகள், ஏற்றுமதியாளர்கள், ஆடிட்டர்கள் அந்தத் தளத்தில் இருக்கிறார்கள். உள்ளூர்த் தொழில் தெரிந்த பட்டதாரி அவர்களுக்குத் தேவைப்படுவார். இந்தப் பக்கத்தை யாரும் மாணவர்களுக்குச் சொல்வதில்லை.

பொய் வேலைகளும் வேண்டாத செய்திகளும்

வேலை தேடுவதாக அறிவிக்கும்போது இரண்டு விதம் உண்டு: எல்லோருக்கும் பச்சை வளையத்தோடு காட்டுவது, ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் காட்டுவது. எல்லோருக்கும் காட்டினால் மோசடிக்காரருக்கும் தெரியும். புதிதாக வந்து வேலை தருவதாகச் சொல்பவரின் பக்கத்தில், கணக்கு எந்த மாதம் தொடங்கியது, அடையாளம் சரிபார்க்கப்பட்டதா என்று காட்டும் பகுதி இருக்கிறது. போன மாதம் பிறந்த கணக்கில் பெரிய நிறுவனத்தின் மனிதவள மேலாளர் என்று இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பதிவுக் கட்டணம், லேப்டாப் முன்பணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது வேலை அல்ல. பேச்சை டெலிகிராமுக்கு மாற்றச் சொல்வதும், டேட்டா என்ட்ரிக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டு "தப்பு அதிகம்" என்று வக்கீல் நோட்டீஸ் காட்டி மிரட்டுவதும் பழைய உத்திகள்.

வெளிநாட்டு வேலையில் ஆபத்து இன்னும் பெரிது. 2022-ல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அழைப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்ற முகவரா என்று வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வங்கியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு கூடுதல்.

மாணவிகள் பலர் கணக்குத் தொடங்கிய ஒரே வாரத்தில் மூடிவிடுவதற்குக் காரணம், வேலைக்குச் சம்பந்தமில்லாத செய்திகள். மூட வேண்டிய அவசியமில்லை. படத்தை உங்களோடு இணைந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்கலாம். உங்கள் மின்னஞ்சல் தெரிந்தவர் மட்டுமே இணைப்புக் கோர முடியும் என்றும் மாற்றலாம். தொல்லை தருபவரைத் தடுத்தால் அவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. தடுப்பதற்கு முன் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பொதுவில் ஏற்றும் ரெஸ்யூமேயில் வீட்டு முகவரியும் போன் எண்ணும் வேண்டாம். "சேலம்" என்ற ஊர்ப் பெயரும் மின்னஞ்சலும் போதும். ஆப்பை நிறுவும்போது போனில் உள்ள எண்களைச் சேர்க்கட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எப்போது தொடங்குவது

பொறியியலில் வளாகத் தேர்வு பெரும்பாலும் ஏழாம் பருவத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அப்படியானால் சீனியர்களோடு பேச்சு ஐந்தாம் பருவத்தில் தொடங்கியிருக்க வேண்டும். பக்கம் நான்காம் பருவத்தில் தயாராக இருக்க வேண்டும். மூன்று வருஷக் கலை, அறிவியல் படிப்பில் அவ்வளவு அவகாசம் இல்லை. இரண்டாம் ஆண்டு தொடங்கும்போதே பக்கத்தைத் தயாராக்கி, அந்தக் கோடை விடுமுறையில் உள்ளூரில் ஒரு மாத வேலையைப் பிடித்துவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை, இருபது நிமிஷம் போதும். ஒரு நாள் சீனியர்களின் பதிவுகளைப் படித்து, விஷயத்தோடு ஒரு கருத்து. இன்னொரு நாள் ஒரு புதிய ஆளுக்கு ஒரு கேள்வி. பக்கத்தில் சின்னத் திருத்தங்கள் செய்யும் நாட்களில், மாற்றங்களை எல்லோருக்கும் அறிவிக்கும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் சின்னத் திருத்தத்துக்குக்கூட வாழ்த்துச் செய்தி வரக்கூடும்.